மூட்டைகளுக்கு ஒரு வடக்கு ஜன்னல்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தைக்கு மட்டும் படியைக் கண்டால் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது. என் மகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா, இல்லை, இன்னும் கம்ப்யூட்டரையே கட்டிக்கொண்டு அழுகிறானா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் பேசினால் நீ காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். தவிர, நான் முப்பத்தொரு வருஷமாகச் சிமெண்டுக் கடை நடத்துகிறவன். எழுதித் தராத ஆர்டர் எனக்கு ஆர்டரே இல்லை.

விஷயம் இதுதான். கடைக்குத் தெற்கே, உடைந்த குழாயும் தகரமும் போட்டு வைத்திருக்கிறேனே, அந்தக் காலி மனையில் வீடு கட்டப்போகிறோம். இந்த மாடி வீட்டில் அத்தையை இனிமேல் ஏற்றி இறக்க முடியாது. கூடம், சமையலறை, எங்களுக்கு ஓர் அறை, நீங்கள் வந்தால் தங்க ஓர் அறை. எல்லாம் தரையோடு தரையாக. அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் கூரை போட்டாக வேண்டும்.

மனசுக்குள் நான் கட்டியே முடித்துவிட்டேன். நாலு பக்கமும் சிமெண்டு, மேலே கான்கிரீட்டு. ஊருக்கெல்லாம் சிமெண்டு விற்றவன் வீடு, கடைக்கே விளம்பரமாக நிற்க வேண்டாமா? அத்தைதான் குறுக்கே விழுந்தாள். "வீடு வரையறவ ஒருத்தி வீட்டுலயே இருக்கா. அவளைக் கேக்காம ஒரு குழி வெட்டினீங்கன்னா, அந்த வீட்டுல காலே வைக்க மாட்டேன்" என்கிறாள். ஆகவே கேட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகளின் வணக்கம். நாங்கள் நலம். உங்கள் மகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிக்கிறார். அத்தையின் முழங்காலிடம் இன்னும் ஒரே ஒரு மழைக்காலம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அலுவலகத் தாளிலேயே எழுதுகிறேன். மேலே கம்பெனிப் பெயர் பொன்னிறத்தில் இருப்பதைப் பார்த்தால் அத்தைக்குப் பெருமையாக இருக்கும். இங்கே பதினோரு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குக் கழிவறைக் கதவுகள் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு வீட்டை அடியிலிருந்து நுனிவரை என் கையால் வரையப்போவது இதுதான் முதல் தடவை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நடு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன்.

இனி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். சுவருக்குச் சிமெண்டு வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்தாயிற்றா? அஸ்திவாரம் தோண்டும்போது வரும் மண்ணோடு கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து, கை எந்திரத்தில் வைத்து அழுத்தினால் அதுவே கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், எங்கிருந்தோ லாரி வர வேண்டாம். உங்கள் சுவர் உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. கூரைக் கான்கிரீட்டுக்கு நடுவில் பழைய ஓடுகளை வைத்து நிரப்பினால் சிமெண்டும் மிச்சம், வீடும் குளிர்ச்சி. கதவு ஜன்னலுக்கு மரம் வெட்ட வேண்டாம். எங்கே எதை இடிக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். கட்டாத சுவரைவிட நல்ல சுவர் கிடையாது என்பது என் கட்சி. அதனால் நீங்கள் கேட்ட இரண்டு அறைக்கு மேல் ஓர் அறையும் இல்லை.

மனையில் முழங்கால் ஆழம் தோண்டி, அதற்குக் கீழே இருக்கும் மண்ணில் இரண்டு படி அனுப்புங்கள். சோதித்துப் பார்க்க வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு.
உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம், சுகமறிய ஆவல் எல்லாம் அப்புறம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை அத்தையைப் படித்துக் காட்டச் சொன்னேன். அப்போதும் சிமெண்டு வேண்டாம் என்றேதான் இருந்தது.

நம் மேஸ்திரியிடம் சொன்னேன். தெரியுமல்லவா, தூக்குக்குண்டு என்று ஊரார் பட்டப்பெயர் வைத்தவன்? நேராக நிற்கிற கம்பத்தைக் காட்டினாலும் தலையைச் சாய்த்துப் பார்த்து "லேசா சாயுதே" என்பானே, அவன்தான். "மண்ணுலயா? எலி பெட்டி படுக்கையோட குடி வரும்" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முன்னால் சிரிக்கவில்லை. என் மருமகளைப் பார்த்துச் சிரிக்க நான் இருக்கிறேன், அவன் யார்?

சரி, உன் இஷ்டப்படியே ஆகட்டும். மண் தனிப் பார்சலில் வருகிறது. ரொம்பப் பதவிசாக அனுப்பியிருக்கிறேன். ஒரு குறை சொல்ல மாட்டாய்.

மாமா

பின்குறிப்பு: அத்தை எழுதுவது. கண்ணு, மாவுச் சல்லடையைக் காணோம். போன தடவை வந்தபோது எங்கேயாவது எடுத்து வைத்தாயா?


மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகளின் வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கு இருவரும் நலம். அத்தை, சல்லடையை நான் பார்க்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தத் தாளின் பின்பக்கத்தில் பழைய வரைபடம் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். காகிதத்தை வீணாக்க மனம் வரவில்லை.

உங்கள் மண்ணைக் கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வைத்தேன். கனமான மணல் முதலில் அடியில் தங்கும், அதன்மேல் வண்டல், கடைசியில் களிமண். எது எவ்வளவு என்று ஜாடியின் வெளியே அளந்துவிடலாம். அதிசயமான மண், மாமா! ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை, முகத்துக்குப் பூசிக்கொள்ளலாம் போல அத்தனை மென்மை. ஆனால் சுவருக்குக் கொஞ்சம் முரடு வேண்டும். அதனால் இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பெருமணல் சேர்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு அளவைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். முதலில் இருபத்தைந்து கல் மட்டும் போட்டு, நாலு வாரம் ஈரச் சாக்கு மூடி வைத்துப் பார்ப்போம்.

வீட்டின் வரைபடமும் இத்துடன் வருகிறது. மேற்கு வெயில் எங்களுக்கு வேண்டாம் என்று வீடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும், பாருங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 12

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கிறாயே, காய்ச்சலா என்று அத்தை கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

வரைபடம் பிரமாதம். கடையில் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டி, ஓரம் அழுக்கேறிவிட்டது. உன் கடிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்தேன். பார்க்காதே என்றால் எவன் பார்க்காமல் இருப்பான்? கதவுகள் அம்சமாக இருக்கின்றன.

ஒரே ஒரு திருத்தம். மூன்றாவதாக ஓர் அறை வேண்டும். வடக்குப் பக்கம் அகலமான ஜன்னல். ஆறடிக்கு நாலடி மேசை ஒன்று போட்டால் சுற்றி ஆள் நடக்க இடம் இருக்க வேண்டும். ஏன் என்றால், கடையில் மூட்டை அடுக்க இடம் போதவில்லை.

கல் எந்திரம் வாடகைக்கு வந்துவிட்டது. தூக்குக்குண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுவே லேசா சாயுதே" என்கிறான்.

மாமா


மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். காய்ச்சல் எதுவும் இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

மூட்டைக்கு எதற்கு மாமா, வெயில் விழாமல் நாள் பூராவும் வெளிச்சம் தரும் வடக்கு ஜன்னல்? உட்கார்ந்து பேப்பர் படிக்கப்போகிறதா? அதற்கு மேசை வேறு, சுற்றி நடக்க இடம் வேறு! மண்கல்லே ஆனாலும் அறுநூறு கல்லும், கூரையும், தரையும், ஆள் உழைப்பும் இல்லாமல் ஓர் அறை எழும்பாது. யாரும் புழங்காத அறைதான் உலகத்திலேயே பெரிய வீண். எந்தப் பொருளில் கட்டினாலும் அது வீண்தான். இதை நான் சண்டை போட்டாவது சொல்வேன்.

மூட்டை அடுக்க, கடைக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பு போதும். வரைந்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது அறையை அடித்துவிட்டேன்.

கோபம் இல்லையே?
உங்கள் மருமகள்


ஏப்ரல் 26

அன்புள்ள மருமகளுக்கு,

உன் சுகத்துக்கு எழுது. ஒரு மாதமாக உனக்கு எழுதாததற்குக் காரணம், நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்ததுதான். நல்ல சேதி வரவில்லை.

நீ எழுதியபடியே மணல், நீ எழுதியபடியே சுண்ணாம்பு. நாலு வாரம் முடிந்து சாக்கை எடுத்தோம். தூக்குக்குண்டு முதல் கல்லைத் தூக்கினான். பாதி கையில் வந்தது, பாதி தரையிலேயே நின்றது. இரண்டாவது கல் அந்த மரியாதையும் தரவில்லை. இருபத்தைந்தும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. சேதி தெருவெல்லாம் பரவி, குழாய் வாங்க வருகிறவர்கள் கூட, "எங்கே அந்தக் கல்லு?" என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இதை மூன்று தடவை படித்துக்கொள். ஆனால் மழை யாருக்காகவும் நிற்காது. ஜூன் மாதக் கடைசிக்குள் நல்ல கல் வராவிட்டால் சிமெண்டிலேயே கட்டிவிடுகிறேன். வரைபடம் உன்னுடையதுதான், அதில் மாற்றம் இல்லை.

மூன்றாவது அறை தவிர. அது வேண்டும்.

மாமா


மே 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் அதைப் பிரித்தபடியே வைத்துக்கொண்டிருந்தேன். அழுதேன். உங்கள் மகன் கரண்டியும் கையுமாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பிப்ரவரியிலேயே வேலையை விட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு மேற்குப் பக்கம் நிழல் தட்டிகள் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள், காலம் பூராவும் ஏசி ஓட்ட வேண்டியிருக்கும் என்று மூன்று தடவை வரைந்து கொடுத்தேன். மூன்றாம் தடவை மேலாளர், "அழகு கெட்டுப்போயிடும்மா, நீ உன் கதவைப் பாரு" என்றார். பார்த்தேன். திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

அத்தை அந்தப் பொன்னெழுத்துத் தாளை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாராம். எப்படிச் சொல்வேன்? இப்போது என் பெயரைச் சொல்ல உங்கள் வீடு ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் உதிர்ந்தால், அந்த மேலாளர் சொன்னதே சரி என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

கணக்கை நாலு தடவை சரிபார்த்துவிட்டேன். அந்த ஜாடி பொய் சொல்லவில்லை. எனக்கு அனுப்பிய மண்ணை எப்படி எடுத்தீர்கள், மாமா? கடப்பாரையைக் கையில் எடுத்ததிலிருந்து பார்சல் கட்டியதுவரை ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மே 9

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். முதலில் அதுதான்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், அத்தையிடம் சொல்லிவிடாதே. முழங்கால் ஆழம் தோண்டினேன். வந்த மண்ணைப் பார்த்தால் பாதிக்குப் பாதி பொடிக்கல்லும் சரளையுமாக, வேரும் தொங்கிக்கொண்டு, பார்க்கவே சகிக்கவில்லை. மருமகள் முதல் முதலாக வாய்விட்டு ஒன்று கேட்டிருக்கிறாள். குப்பையும் கூளமுமாகவா அனுப்புவது? கடைச் சல்லடையில் சலித்தேன். திருப்தி இல்லை. அத்தை தூங்கும்போது மாவுச் சல்லடையை எடுத்துவந்து இன்னும் இரண்டு தடவை சலித்தேன். மெத்தென்று வந்ததும்தான் மனசு ஆறியது. சல்லடை வீணாகிவிட்டது. கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. எனக்கு வேண்டாத சரளை எல்லாம் உனக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது. நீ அதற்குப் பதில் மணலைச் சேர்க்கச் சொல்ல, இங்கே சலிக்காத மண்ணில் மணலையும் கொட்டினால் கல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? தப்பு என்னுடையது. தூக்குக்குண்டிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவன் என்னைத் தலை சாய்த்துப் பார்த்தான்.

புது மண் வருகிறது. கல், வேர், ஒரு சோடா மூடி, எல்லாம் உள்ளபடியே.

வேலை விஷயம் எனக்கு மார்ச்சிலேயே தெரியும். முப்பத்தொரு வருஷம் வியாபாரம் செய்தவனுக்குத் தாள் மாறினால் தெரியாதா? அத்தையிடம் நேற்றுச் சொன்னேன். பொன்னெழுத்துத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் உன் வரைபடம் இருக்கிறது.

அறை விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

மாமா


ஜூன் 1

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம், வணக்கம். இரண்டாவது வணக்கம் அந்தச் சல்லடைக்கு. உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்ட, உங்கள் மகன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார். மண்ணைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பிய ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. சிரித்து முடித்த பிறகு கடிதத்தைத் தனியாக இன்னொரு தடவை படித்தேன். எனக்காக ஒருவர் மண்ணைக் கூட மூன்று தடவை சலிப்பார் என்று நான் நினைத்ததில்லை.

ஜாடி சொல்கிறது: உங்கள் மண் உள்ளபடியே தங்கம். ஒரு பிடி மணலும் வேண்டாம். சுண்ணாம்பு பழைய அளவே போதும். சோடா மூடியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இனி அறை விஷயம். உங்கள் மகன் மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் இஞ்சு டேப்போடு கட்டிலுக்குப் பின்னால் போய், மடித்து நிறுத்தியிருக்கும் என் வரைமேசையைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "சும்மா, ஒரு ஆர்வம்" என்றார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவருக்கு மேசைமேல் வந்த முதல் ஆர்வம். இன்று நானே அளந்தேன். ஆறடிக்கு நாலடி.

நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் பதில் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கம்ப்யூட்டருக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான் என்று இப்போது அடிக்கடி சொல்கிறார். யாரும் புழங்காத அறைதான் வீண் என்று எழுதியவள் நான். இந்த அறை வீணாகாது. புது வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். தெருப் பக்கம் அதற்குத் தனியாக ஒரு வாசலும் வைத்திருக்கிறேன். மூட்டைகளைப் பார்க்க யாராவது வருவார்கள் அல்லவா?

உங்கள் மருமகள்


செப்டம்பர் 28

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லோரும் சுகம். ஜூன் மாதக் கடைசியில் சாக்கை விலக்கி, கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்ததும், அது உடையாமல் தூக்குக்குண்டின் கால் கட்டைவிரலைப் பதம் பார்த்ததும் உனக்குத் தெரியும், என் மகனிடம் போனில் சொன்னேனே. இது புதுச் சேதி. நேற்றுக் கூரை முடிந்தது. இன்று காலை முதல் மழை. நான் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

வீடு முழுவதற்கும் என் கடையிலிருந்து போன சிமெண்டைச் சொன்னால் தொழிலுக்கே அவமானம். அஸ்திவாரத்துக்கும் கூரைக்கும் மட்டும்தான். பழைய தபால் நிலையத்தை இடித்தார்கள். அங்கே ஆள் நின்று தபால்தலை வாங்குகிற ஜன்னல் இருந்ததே, கீழே கை நுழைய ஓட்டையோடு, அதைக் கொண்டுவந்து உன் வடக்குச் சுவரில் வைத்தாயிற்று. தூக்குக்குண்டு அந்தச் சுவருக்கு முன்னால் கால் மணி நேரம் தலை சாய்த்து நின்றான். கடைசியில், "சாயலைங்க" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கே அழுகை வந்துவிடும் போல இருந்தது.

மேசை எப்போது வருகிறது?

மாமா


டிசம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை கிடையாது. என் ஜன்னல் ஓட்டை வழியாக நீட்டினால் உங்கள் கடைக்கு இருபது எட்டு. நீங்கள் நலமாக இருப்பது இங்கேவரை கேட்கிறது. அத்தை முழங்காலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுப் புதுச் சல்லடையைப் பூட்டி வைப்பதைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் மகன் உள்ளறையில் கம்ப்யூட்டரோடு சுகம்.

எழுதித் தராதது ஆர்டரே இல்லை என்றவர் நீங்கள். அதனால் புகாரை எழுத்தில் தருகிறேன். சிமெண்டு வாங்க வருகிறவர்களை எல்லாம், "முதல்ல மருமகளைப் பாருங்க, எத்தனை மூட்டை வேண்டாம்னு அவ சொல்லுவா" என்று என் வாசலுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். நேற்று மட்டும் மூன்று பேர். ஒருவருக்கு வீடு, ஒருவருக்குப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், ஒருவருக்குக் கோழிக் கொட்டகை. மூவரும் பொட்டலத்தில் மண் கொண்டுவந்தார்கள். மூவரையும், "சலிச்சீங்களா?" என்று கேட்டேன். இப்படியே போனால் உங்கள் கடை என்னாவது?

இன்னொன்று. என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி கிடக்கிறது. அது என் வரைபடத்தில் இல்லை. வருகிறவர்கள் உட்கார என்று சொல்லி நீங்கள் கொண்டுவந்து போட்டீர்கள். ஆனால் தினமும் நாலு மணிக்கு அதில் வந்து உட்கார்ந்து, சத்தமே இல்லாமல், நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று நம் இருவருக்கும் தெரியும். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மணி மூன்றே முக்கால். நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்
வடக்கு அறை